நான்கு மணல் மூட்டைகள்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மைதானத்தைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள். கணக்கு வரும், பாட்டு வரும், கரும்பலகையில் முத்து முத்தாக எழுதவும் வரும். பந்தை எறியச் சொன்னால் மட்டும் கை எது கால் எது என்று தேடுவார்கள். அவர்களை இரண்டே வருடத்தில், சின்னப் பிள்ளைகளை ஓடவும் தாவவும் வைக்கிற வாத்தியார்களாக்கி அனுப்புவது விசில் டீச்சரின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். தூங்கும்போதுகூட விசிலைக் கழற்ற மாட்டாள் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். அவளுடைய புருஷனைக் கேட்டால், "கழட்டுவா, ஆனா தலைமாட்டுல வச்சுக்குவா" என்பார்.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அவள் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. "பிள்ளை விழலாம், முட்டி சிராய்ச்சுக்கலாம். அதெல்லாம் வளர்றதுல சேர்த்தி. ஆனா நீங்க வச்ச பொருள் பிள்ளை மேல விழக் கூடாது. விழுந்தா அது பிள்ளையோட தப்பு இல்ல, உங்க தப்பு."

அந்த வருடத்து முதலாண்டு மாணவிகளில் ஒருத்திக்கு முணுமுணு என்று பட்டப்பெயர். இருபத்தொரு வயசு, ஒடிசலான உடம்பு. பாடக்குறிப்பு எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. வகுப்பறையில் எப்படியோ சமாளித்துவிடுவாள், மைதானத்தில் முடியவில்லை.

"குரல் தொண்டையில இருந்து வரக் கூடாது, அடிவயித்துல இருந்து வரணும்" என்று விசில் டீச்சர் சொல்லாத நாள் இல்லை.

"வருது டீச்சர். வழியிலயே நின்னுடுது" என்பாள் முணுமுணு. டீச்சருக்கே சிரிப்பு வந்துவிடும்.

இரண்டாமாண்டு மாணவர்கள் ஆறு வாரப் பயிற்சிக்காக வெளிப் பள்ளிகளுக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவர்களுக்குக் கடைசி மைதான வகுப்பு நடந்தது. பாரம் சுமந்து ஓடும் தொடர் ஓட்டம். பாரத்துக்கு என்ன செய்வது என்று பார்த்த டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கான இரும்புக் கோல் கம்பத்தின் பின்பக்கச் சட்டத்தின் மேல் கிடந்த நான்கு மணல் மூட்டைகளை எடுக்கச் சொன்னாள். அந்தக் கம்பம் தரையில் புதைத்தது அல்ல. இடம் மாற்றி வைக்க வசதியாக இருக்கட்டும் என்று வாங்கியது. மூட்டைகளின் கனத்தில்தான் அது நிற்கும்.

ஓட்டம் பாதியில் இருக்கும்போதே தூறல் விழ ஆரம்பித்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸும் வாசலில் வந்து நின்றது. "போங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று எல்லோரையும் விரட்டினாள். மூட்டைகள் ஈரத் தரையில் கிடந்து ஊறினால் சாக்கு இற்றுப்போகும் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் உபகரண அறைக்குள் சுவரோரம் போட்டாள். மழை விட்டதும் திரும்ப வைக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டபோது அவள் வீட்டில் இருந்தாள்.

மறுநாள் காலை மூன்று பயிற்சி வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பாதுகாப்புப் படிவம் ஒன்றை நிரப்பியாக வேண்டும். அதில் முதல் கட்டம், 'உபகரணங்களைச் சரிபார்த்தேன் – விரிவுரையாளர்.' மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அதில் டிக் போட வேண்டும். அன்றைக்கு எட்டு மணிக்கே முதல்வர் கூட்டம் வைத்துவிட்டார். டீச்சர் தன் மேசையில் நின்றபடியே மூன்று படிவங்களிலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடினாள்.

பத்து மணிக்கு முணுமுணுவின் முறை. பயிற்சிப் பள்ளியின் மதிலை ஒட்டியே தொடக்கப் பள்ளி. அங்கிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர் வரிசையாக வந்தார்கள். டீச்சர் நிழலில் நாற்காலி போட்டு, மதிப்பீட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தது நன்றாக இருந்தது. யாரும் சும்மா நிற்காமல் பார்த்துக்கொண்டது அதைவிட நன்றாக இருந்தது. குரல் மட்டும்தான் எழும்பவில்லை. டீச்சர் அந்தக் கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டாள். பக்கத்தில் 'குரல் எட்டவில்லை. பிள்ளைகள் கட்டளையைக் கேட்கவில்லை' என்று எழுதினாள்.

எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினாள். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் எட்டு வயசுப் பெண் ஒருத்தி கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். மைதானத்தின் மறுகோடியிலிருந்து முணுமுணு அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள், வாயும் அசைந்தது. வாலு காலை முன்னும் பின்னுமாக வீசினாள். இரண்டாவது வீச்சில் கம்பத்தின் பின்பக்கச் சட்டம் தரையை விட்டு எழும்பியது. அதன் மேல் ஒன்றுமே இல்லை என்பதை டீச்சர் அப்போதுதான் பார்த்தாள்.

அவள் எழுந்து ஓடிய ஓட்டத்தை அந்த மைதானம் அதற்கு முன் பார்த்ததில்லை. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை மல்லாக்க விழுந்து தலை தரையில் மோதியிருந்தது, இரும்பு அவள் இடுப்பின் மேல் கிடந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கம்பத்தை டீச்சர் ஒற்றையாகத் தூக்கிப் புரட்டினாள். பிள்ளையிடமிருந்து சத்தமே வரவில்லை.

ஆம்புலன்ஸில் கூடவே போனாள். ஆஸ்பத்திரியில் வெளியே நின்றாள். வலது தொடை எலும்பு இடுப்புக்குக் கிட்டத்தில் உடைந்திருக்கிறது, தலையில் பட்ட அடி எப்படி என்று இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மதியத்துக்கு மேல் வாலுவின் அப்பா வந்து சேர்ந்தார். லாரி ஓட்டுகிறவர், சரக்கை நடுவழியில் விட்டுவிட்டு வந்திருந்தார். யாரோ அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நேராக டீச்சரிடம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் தூக்கினீங்களாமே. ஒத்த ஆளா. நீங்க இல்லேன்னா எம் பொண்ணு..." அதற்கு மேல் பேச முடியாமல் அந்தக் கைகளிலேயே முகத்தைப் புதைத்து அழுதார்.

டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வழியிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவள் காலையில் டிக் போட்ட படிவம். இன்னொன்று அவள் கைப்பட எழுதிய மதிப்பீட்டுத் தாள்.

"உக்காருங்க மேடம். தண்ணி குடிங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் காகிதங்கள் அதே மாதத்தில் மேலிடத்தில் இருந்தன. அந்தக் கவலையில் அவர் மூன்று நாளாகச் சரியாகச் சவரம்கூடச் செய்யவில்லை. "மூட்டையெல்லாம் ரூம்ல கெடக்குதாமே. யார் எடுத்தது?"

"நான்தான் சார்."

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "இத நான் கேக்கல. நீங்க சொல்லல. விசாரிக்கக் கமிட்டி வருது. இந்தப் படிவம் போச்சுன்னா நீங்க மட்டும் போக மாட்டீங்க, இந்த இடமே போயிடும். எரநூறு பிள்ளைங்க நடுத்தெருவுல நிப்பாங்க." புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் முதல் கட்டத்தில் 'விரிவுரையாளர்' என்பதை அடித்துவிட்டு 'பயிற்சி மாணவர்' என்று எழுதியிருந்தது. கீழே முணுமுணுவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அழுதுகொண்டே போட்டிருக்கிறாள் போல, கடைசி எழுத்து ஈரத்தில் கரைந்திருந்தது.

"அவ படிச்சுப் பாத்தாளா சார்?"

"எங்க காட்டினாலும் போடற நெலமையிலதான் இருந்தா. நீங்களே எழுதியிருக்கீங்க, குரல் எட்டலன்னு. அவளும் அதையேதான் சொல்றா. ஒரு வருஷம் போகும், அடுத்த வருஷம் திரும்பச் சேந்துக்கலாம். சின்ன வயசு, தாங்கிக்குவா. உங்களுக்கு அப்படியா?"

டீச்சர் பேனாவை வாங்கினாள். தன் கை எழுதுவதை வேறு யாரோ எழுதுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்து விழுந்தது. பழைய படிவத்தை முதல்வர் நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் புருஷன் சோறு போட்டு வைத்திருந்தார். அவர் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். விரல் இடுக்கில் ஒட்டிய கிரீஸ் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்ப நீ போய்ச் சொன்னா அந்தப் பிள்ளைக்குக் கால் சேந்துடுமா?"

"சேராது."

"அப்ப சொல்லாத."

"ஏங்க, அந்தப் பொண்ணு..."

"எனக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது. உன்னத் தெரியும். உன்ன உள்ள தள்ளிட்டாங்கன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?" என்றவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுப்படியில் வெகு நேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சின்ன வயசிலிருந்து கேட்டவள்தான். தன்னைப் பற்றியே ஒருநாள் அதை நினைக்க வேண்டி வரும் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து வாலு கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள், பிறகு தன் ஷூவைக் கேட்டாள். மூளைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் டீச்சர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிம்மதியும் அரைமணி நேரம்தான். தொடை எலும்பு வளர்கிற இடத்தில் அடிபட்டிருப்பதால் அந்தக் கால் மற்றக் காலோடு சேர்ந்து வளராமல் போகலாம் என்று அவரே அடுத்துச் சொன்னார். பல மாதம் பயிற்சி கொடுக்க வேண்டும், அப்புறமும் நடையில் வித்தியாசம் தெரியும்.

உடைந்த எலும்பில் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். டீச்சர் தினமும் போனாள். படுத்த இடத்திலேயே பாதத்தை எப்படி அசைப்பது, முட்டியை எவ்வளவு மடக்கலாம் என்று பிசியோதெரபி செய்பவர் சொல்லிவிட்டுப் போவதைப் பிள்ளையைச் செய்ய வைக்க அவளால்தான் முடிந்தது. வாலுவின் அம்மா ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. வலியில் பிள்ளை கத்தினால் பிடித்த காலை விட்டுவிடுவாள். டீச்சர் பத்து வரை எண்ணினால் வாலு பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தடவையும் செய்துவிடுவாள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். "எங்க குலத்துக்கே நீங்க செஞ்ச உபகாரம் இது" என்பார். அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் அவளைச் செருப்பால் அடித்தது.

கமிட்டி வருவதற்கு முந்தைய நாள். உச்சி வெயில். மதிய இடைவேளையில் மைதானத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். உபகரண அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கப் போன டீச்சருக்கு வெளியிலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. கதவோரம் நின்று பார்த்தாள்.

கோல் கம்பம் புரட்டிய இடத்திலேயே கிடந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மைதானத்தின் மறுகோடியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், முணுமுணு நின்றாள். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு அந்தக் கம்பத்தைப் பார்த்து, "இறங்கு" என்று கத்தினாள். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி, "இறங்கு." குரல் பிசிறிப் பாதியில் உடைந்தது. இருமினாள். கையைக் குவித்துத் திரும்பவும் கத்தினாள்.

எத்தனை நாளாக இதைச் செய்கிறாள் என்று தெரியவில்லை. டீச்சர் கிட்டே போனபோது அவள் உதட்டோரம் வெடித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"டீச்சர்" என்றாள். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல இருந்தது. "அங்க ரூம் வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இப்ப வருது பாருங்க. அன்னிக்கு வரல. இவ்வளவு சத்தம் எனக்குள்ள இருந்திருக்கு, அன்னிக்கு வரல."

டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். 'மூட்டையை எடுத்தது நான்' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அந்த மூன்று வார்த்தையும் நாக்கில் வந்து நின்றன. அவள், "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்று மட்டும் சொன்னாள். முணுமுணு தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் விசிலைக் கழற்றிப் புருஷன் முன்னால் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சொல்லிடப் போற, அப்படித்தானே" என்றார். அவள் ஆமாம் என்றாள். அவர் சண்டை போடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதே இல்லை.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முணுமுணுவை முதலில் கூப்பிட்டார்கள். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"தப்பு என்னோடதுதான் சார். நான் கத்தல. கத்தியிருந்தா அவ இறங்கியிருப்பா."

"கம்பத்தை நீங்க சரிபார்த்ததா இதுல கையெழுத்து போட்டிருக்கீங்க."

அவள் தாளைப் பார்த்தாள். முதல் தடவையாக அதைப் படிக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "போட்டிருக்கேன் சார்" என்றாள்.

டீச்சர் எழுந்தாள். அவளை இன்னும் கூப்பிடவில்லை.

"அவ சரிபார்க்கல சார். சரிபார்க்க வேண்டியது அவ வேலையே இல்ல, என் வேலை. நானும் பார்க்கல. பார்க்காமலே டிக் போட்டேன். மூட்டைகளை மொத நாள் எடுத்ததும் நான், திருப்பி வைக்காததும் நான். இவ எவ்வளவு கத்தியிருந்தாலும் இறங்க நேரம் இருந்திருக்காது. மூட்டை இருந்திருந்தா பத்துப் பிள்ளை தொங்கினாலும் அது சாஞ்சிருக்காது."



"மேடம் அன்னியில இருந்தே மனசு சரியில்லாம இருக்காங்க" என்றார் முதல்வர். "பிள்ளைய ஒத்தையாத் தூக்கினவங்க. ராத்திரி பகலா ஆஸ்பத்திரியில..."

"அன்னிக்கு மத்த ரெண்டு வகுப்புக்கான படிவத்தையும் எடுங்க சார்" என்றாள் டீச்சர். "எல்லாத்துலயும் வரிசை எண் இருக்கும்."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். முதல் வகுப்பின் படிவம் அறுபத்தொன்று. மூன்றாவது வகுப்பின் படிவம் அறுபத்துமூன்று. முணுமுணுவின் கையெழுத்து இருந்தது எழுபதாம் எண் படிவம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அறுபத்திரண்டு எங்க?" என்று முதல்வரைப் பார்த்துக் கேட்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. டீச்சரை அன்றே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். கவனக்குறைவு என்று போலீஸ் வழக்குப் பதிவானது. புருஷன் தன் முதலாளியைக் கூட்டிக்கொண்டுபோய் ஜாமீன் வாங்கினார். முதல்வர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கீகாரத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்களே தவிர ரத்து செய்யவில்லை. இருநூறு பேரும் நடுத்தெருவில் நிற்கவில்லை.

கமிட்டி அறையை விட்டு வெளியே வந்தபோது முணுமுணு படிக்கட்டில் காத்திருந்தாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று டீச்சர் மனசின் ஓரத்தில் எங்கேயோ எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு வலித்திருக்காது.

"நேத்து நான் அங்க நின்னு கத்தினப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் முணுமுணு. உடைந்த குரல் இன்னும் சேரவில்லை. "பன்னெண்டு நாளா நான் தூங்கல. கண்ண மூடினா அவ விழறா. நீங்க என்னப் பாத்து, வெயில்ல நிக்காத, உள்ள போன்னு சொன்னீங்க."

"தப்புதான்மா."

"நான் உங்கள மாதிரி வரணும்னு நெனச்சேன் டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மாதமே வேறு பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். படிப்பை விடவில்லை என்று பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

அன்றைக்கு டீச்சருக்கு இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. மற்றவர்கள் வாயிலிருந்து போய்ச் சேர்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாலுவின் அப்பா தாழ்வாரத்துப் பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கமிட்டியில் சொன்ன அதே வார்த்தைகள்தான். அங்கே சொன்னதைவிட இங்கே பத்து மடங்கு கனத்தன.

அவர் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

"இத ஏன் மொத நாளே சொல்லல?"

"பயம்."

"அன்னிக்கு உங்க கையப் புடிச்சு அழுதேன்ல." அவர் குரல் உயரவே இல்லை. "எங்கம்மா செத்தப்பகூட நான் அப்படி அழல. அந்த அழுகைய நான் இப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது, சொல்லுங்க."

அவர் பொட்டலத்தை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று நாள் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கல்லாய்ச் சமைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். புருஷன் வேலைக்குப் போகும்போது கத்தி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் தன் கருவிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவள் அதைக் கவனித்தாள். நாலாம் நாள் மதியம் கதவு தட்டும் சத்தம். வாலுவின் அம்மா. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், உடம்பெல்லாம் சோப்புத்தூள் வாசனை. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"மூணு நாளா காலை அசைக்க மாட்டேங்கறா. தொட்டாலே கத்தறா. இப்படியே விட்டா முட்டி இறுகிப் போயிடும், அப்புறம் இன்னொரு ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. பிசியோதெரபி அம்மா வாரத்துக்கு ரெண்டு தரம்தான் வராங்க." நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தியபடியே பேசினாள். "நீங்க எண்ணினாத்தான் செய்யறா. நாளையில இருந்து வாங்க."

"உங்க வீட்டுக்காரர்..."

"அவருகிட்ட நான் பேசிட்டேன். நீங்க வர நேரத்துல அவரு இருக்க மாட்டாரு." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எம் பிள்ளை நடக்கணும். அதுக்குப் பேயே வந்து எண்ணினாலும் நான் கூப்பிடுவேன்."

மறுநாளிலிருந்து மூன்று மணிக்குப் போனாள். அவள் படி ஏறுகிற சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து மறுபக்கப் படிக்கட்டில் இறங்கிப் போய்விடுவார். வாலு மட்டும் முன்பு மாதிரியே சிரித்தாள். அந்த மூன்று நாள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். டீச்சர் உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தாள். பத்து, அடுத்த வாரம் பதினைந்து, அதற்கடுத்த வாரம் இருபது. முட்டி கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது.

ஒரு நாள் இருபதாவது எண்ணிக்கை முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டபோது வாலு கேட்டாள். "டீச்சர், நீங்க வந்தா மட்டும் எங்கப்பா ஏன் வெளிய போறாரு?"

அம்மா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. ஆனால் திரும்பவில்லை.

பெரியவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்வது அதைவிடச் சுலபமாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் பிள்ளைகளோடு பழகாதவர்கள். டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கம்பம் விழாம இருக்கறதுக்கு அதுக்குப் பின்னால கனம் வைக்கணும். அத எடுத்தது நான். திரும்ப வைக்கல. அதனாலதான் அது உன் மேல விழுந்துச்சு. அப்பாவுக்கு அதுல கோபம்."

"நான் தொங்கினதால இல்லையா?"

"இல்ல. நீ தொங்கினதால இல்ல."

"எல்லாரும் வாலுத்தனம் பண்ணினதாலன்னு சொன்னாங்க. நர்ஸ் அக்காகூடச் சொன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியாது. தப்பு என்னோடது."

வாலு மேலே ஓடும் மின்விசிறியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. டீச்சர் துடைக்கக் கையை நீட்டியபோது அவள் தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"எனக்கு இனிமே ஓட வராதுன்னு டாக்டர் அம்மாகிட்டச் சொன்னாரு. நான் தூங்கறேன்னு நெனச்சாரு" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க போங்க."

டீச்சர் அம்மாவைப் பார்த்தாள். அவள் மடித்த துணியையே திரும்ப உதறி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் போர்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடிவிட்டு, ஸ்டூலை அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் போவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டே முக்கால் வரை வீட்டு வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கடைசியில் போனாள். அப்பா வழக்கம்போல் மறுபக்கம் இறங்கிப் போனார். வாலு சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். டீச்சர் போர்வையை விலக்கி, முட்டிக்குக் கீழே கையை வைத்து ஒன்று என்று எண்ணினாள். கால் அசையவில்லை. மறுபடியும் ஒன்று என்றாள். மூன்றாவது தடவை ஒன்று என்றபோது, முகத்தைத் திருப்பாமலே, பிள்ளை காலை மடக்கினாள்.